கேப், ஹோல், ஓபனிங்: ஒன்றுமில்லாத இடங்களுக்கு ஆங்கிலத்தில் ஏன் இத்தனை பெயர்கள்?

ஜூன் 2, இரவு. வேலந்தாவளத்திலிருந்து ஒரு வாசகர் கேட்டது:

ஐயா, போட்டித் தேர்வுக்காக ஆங்கிலம் படித்து வருகிறேன். கேப், ஹோல், ஓபனிங், ஸ்பேஸ், வாய்ட், வேகன்சி, கேவிட்டி என்று இத்தனை சொற்கள் எதற்கு? அகராதியைப் புரட்டினால் ஒன்றுக்கு மற்றொன்றையே பொருளாகக் கொடுத்திருக்கிறார்கள். எல்லாமே ஒன்றுமில்லாத இடம்தானே? எங்கும் கேப் என்று எழுதிவிட்டால் பாதிக்கு மேல் சரியாக வந்துவிடுகிறது. பெரியதற்கு ஒன்று, சிறியதற்கு ஒன்று என்று அளவை வைத்துப் பிரிக்க வழி இருந்தால் சொல்லுங்கள்.

ஜூன் 3, காலை

தம்பி, அளவு இங்கே துணைக்கு வராது. நீங்களும் நானும் குடியிருக்கும் இந்தப் பாலக்காட்டுக் கணவாய்க்கு ஆங்கிலத்தில் கேப் என்றுதான் பெயர். நீலகிரிக்கும் ஆனைமலைக்கும் நடுவே ஏறத்தாழ 30 கிலோமீட்டர் அகலம் அதற்கு. உங்கள் இரு சக்கர வண்டியின் ஸ்பார்க் பிளக் முனையில் தீப்பொறி தாண்டும் இடமும் கேப்தான். அது ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. இரண்டுக்கும் ஒரே சொல் பொருந்துகிறது என்றால் அந்தச் சொல் அளவைப் பார்க்கவில்லை என்று தெரிகிறது.

நான் பார்த்தவரையில் இந்தச் சொற்கள் எவையும் வெறுமையைப் பற்றிப் பேசுவதில்லை. வெறுமையைச் சுற்றி என்ன இருக்கிறது, அங்கே என்ன இருந்திருக்க வேண்டும் என்ற இரண்டைப் பற்றியே பேசுகின்றன. இரண்டு பொருள்களுக்கு நடுவில், அல்லது தொடர்ந்து வர வேண்டிய ஒன்று அறுபட்ட இடத்தில் இருப்பது கேப். ஒரே பொருள் நாற்புறமும் சூழ்ந்திருக்க அதன் நடுவில் இல்லாமற்போன இடம் ஹோல். எந்த இரண்டுக்கு நடுவில் என்று கேளுங்கள். விடை கிடைத்தால் கேப் என்று எழுதுங்கள். எதனுள் என்று கேட்டால்தான் விடை வருகிறது என்றால் ஹோல்.

மற்றவற்றைப் பிறகு எழுதுகிறேன்.

ஜூன் 3, மாலை

காலையில் எழுதியதை ஓர் எடுத்துக்காட்டால் உறுதிப்படுத்த விரும்புகிறேன். நான் வேலை பார்த்தது இரயில்பாதைப் பராமரிப்பில். பழைய முறைப் பாதையில் ஒரு தண்டவாளம் முடிந்து அடுத்தது தொடங்கும் இடத்தில் சிறிது இடம் விட்டிருப்பார்கள். வெயிலில் இரும்பு நீளும்போது ஒன்றையொன்று முட்டி வளைந்துவிடக் கூடாது என்பதற்காக. அந்த இடத்திற்கு எக்ஸ்பான்ஷன் கேப் என்று பெயர். இரு முனைகளையும் சேர்த்துப் பிடிக்க இரு பக்கமும் ஃபிஷ் பிளேட் என்னும் பட்டையை வைத்து போல்ட்டால் முடுக்குவோம். போல்ட் நுழையத் தண்டவாளத்தில் துளைத்திருப்பது ஹோல். அந்த ஹோலின் விளிம்பில்தான் பல நேரங்களில் விரிசல் பிறக்கும், அது கிராக். ஒரு முழத்துக்குள் மூன்று சொற்கள். எங்கள் பிரிவில் எழுத்துப் பயிற்சி அதிகம் இல்லாத ஊழியர்கூட இவற்றை மாற்றிச் சொல்லிக் கேட்டதில்லை, ஏனென்றால் மாற்றிச் சொன்னால் வேறு கருவியை எடுத்துக்கொண்டு வேறு ஆள் வந்து நிற்பார்.

இதில் இன்னொன்றையும் கவனியுங்கள். கேப் என்றாலே குறை என்று பலர் எண்ணுகிறார்கள். இந்த கேப்பை வேண்டுமென்றே விட்டிருக்கிறார்கள், அடைத்துவிட்டால்தான் ஆபத்து. இப்போது தண்டவாளங்களை நெடுந்தூரத்துக்குப் பற்றவைத்துவிடுவதால் அந்த இடைவெளிகள் பெரிதும் குறைந்துவிட்டன. வண்டியின் பழைய தாளம் கேட்காமற்போனதற்குக் காரணம் அதுதான்.

இரண்டு தண்டவாளங்களுக்குக் குறுக்கே உள்ள தூரத்தை மட்டும் கேப் என்று எழுதிவிடாதீர்கள். அது கேஜ், அகலப் பாதைக்கு 1,676 மில்லிமீட்டர். அங்கே எதுவும் அறுபடவில்லை, எதுவும் குறையவில்லை. ஓடும் வண்டி சுரங்கச் சுவரில் உரசாமலிருக்கச் சுற்றிலும் விடும் இடம் கிளியரன்ஸ்.

ஜூன் 4

ஓபனிங் எங்கே வருகிறது என்று இருவர் கேட்டிருக்கிறார்கள். வழியாகப் பயன்படும் இடம் ஓபனிங். ஏதோ ஒன்று உள்ளே போகவோ வெளியே வரவோ, ஒளி விழவோ, காற்று நுழையவோ அது உதவ வேண்டும். சுவர் கட்டும்போது கதவுக்கும் சன்னலுக்கும் விடும் இடங்களைப் பொறியாளர்கள் ஓபனிங் என்றே குறிப்பார்கள்; கடப்பாரையால் அதே சுவரில் யாராவது இடித்துவிட்டால் அது ஹோல்.

கொழிஞ்சாம்பாறைப் பக்கத்து வயல் வரப்பு ஒன்றை மனத்தில் வைத்துக்கொண்டு பாருங்கள். நீர் பாய்ச்ச வெட்டித் திறந்து, வேண்டாதபோது மண் போட்டு அடைக்கும் மடை ஓபனிங். நண்டு குடைந்த வளை ஹோல். உயிரினம் தான் தங்குவதற்காகத் தோண்டியது என்பதை அழுத்திச் சொல்ல வேண்டுமானால் பர்ரோ. மழை வலுத்து வரப்பையே அறுத்துக்கொண்டு போன உடைப்பு பிரீச். மூன்றின் வழியாகவும் தண்ணீர்தான் போகிறது, ஆனால் மூன்றுக்கும் மூன்று வேலை. உழவர் மடையைத் திறந்துவிட்டு நிம்மதியாக வீட்டுக்குப் போவார், வளையைப் பார்த்தால் மிதித்து மூடுவார், உடைப்பென்றால் அக்கம்பக்கத்து ஆட்களைக் கூப்பிடுவார்.

வேலியில் ஆளும் மாடும் போகவென்று விட்ட கடவும் ஓபனிங்தான். மலையாளத்தில் கடவு என்றால் ஆற்றுத்துறை என்பதால் நம் பக்கத்துப் பிள்ளைகள் அதைப் படிக்கட்டு என்று நினைத்துக்கொள்வது உண்டு. இங்கே சொல்வது வேலிக் கடவை.

ஜூன் 5

செங்கோட்டையிலிருந்து ஓர் ஆசிரியை எழுதியிருக்கிறார்: "எங்கள் ஊர்க் கணவாயை ஆங்கிலேயர் செங்கோட்டை கேப் என்றும் எழுதினார்கள், ஆரியங்காவு பாஸ் என்றும் எழுதினார்கள். எது சரி?"

டீச்சர், இரண்டும் சரி. கேப் என்றவர் மலைத்தொடரைப் பார்த்து, அது எங்கே விட்டுப்போயிருக்கிறது என்று சொல்கிறார். பாஸ் என்றவர் பயணியைப் பார்த்து, அவர் எந்த வழியாகக் கடந்து போகிறார் என்று சொல்கிறார். கைபர், போலன் இரண்டும் பாஸ் ஆனது படைகளும் வணிகக் கூட்டங்களும் கடந்து போன வழிகள் என்பதால்தான். பாலக்காட்டில் சமவெளியே ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்குத் தொடர்ந்துவிடுவதால் மலை ஏறி இறங்கும் அனுபவமே இல்லை. ஆகவே கேப் என்ற பெயர் அங்கே நிலைத்துவிட்டது. போடிமெட்டைக் கொண்டை ஊசி வளைவுகளில் ஏறித்தான் கடக்க வேண்டும். அதை கேப் என்று எழுத எனக்குக் கை வராது, பாஸ் என்றுதான் எழுதுவேன். ஆனால் அதே சாலையில் மூணாறுக்கு முன்னால் லாக்ஹார்ட் கேப் வருகிறது. அங்கே முகடு பிளந்து நிற்பதைக் கண்ணால் பார்க்கலாம்.

மலையாளத்தில் எல்லாவற்றுக்கும் சுரம் ஒன்று போதும். தாமரசேரியில் ஒன்பது கொண்டை ஊசி வளைவுகளோடு ஏறுவதும் சுரம், நம் பாலக்காட்டுத் தட்டைவெளியும் சுரம். தமிழில் கணவாய் என்பதும் அப்படியே. எல்லை ஊர்களில் இரு மொழியிலும் ஒரே சொல்லைக் கேட்டு வளர்ந்த நமக்கு ஆங்கிலத்தின் பிரிப்பு முதலில் தட்டுப்படாததில் வியப்பில்லை.

ஜூன் 5, சற்று நேரம் கழித்து

அதே டீச்சர் கழுதுருட்டிக்கு அருகே உள்ள பதிமூன்று கண்ணறைப் பாலத்தைப் பற்றியும் கேட்டிருந்தார். அந்தக் கண்களை ஆங்கிலத்தில் ஆர்ச் என்று எழுதலாம், தூணுக்குத் தூண் உள்ள தாங்கலைக் கருதினால் ஸ்பான் என்று எழுதலாம், கேப் என்று எழுதக் கூடாது. சிறு பாலங்களில் நீர் போகும் கண்ணை நம் நாட்டுப் பொதுப்பணித்துறைக் குறிப்புகளில் வென்ட் என்பார்கள். பொதுவான ஆங்கிலத்தில் வென்ட் என்றால் காற்றோ ஆவியோ வெளியேறும் துவாரம் என்றே புரிந்துகொள்வார்கள் என்பதால் தேர்வுத் தாளில் அதைத் தவிர்ப்பது நல்லது.

கண் என்ற சொல் வந்ததால் ஒன்று சொல்லத் தோன்றுகிறது. விண்டோ என்பது பழைய நார்ஸ் மொழியில் காற்றுக்கண் என்று பொருள்படும் சொல்லிலிருந்து வந்தது. பழந்தமிழில் சன்னலுக்குக் காலதர் என்று பெயர். கால் என்றால் காற்று, அதர் என்றால் வழி. கேப்பும் அதே நார்ஸ் மொழியிலிருந்து வந்த சொல்தான். தென்மேற்குக் காற்று இறங்கும் இந்த மாதத்தில் கஞ்சிக்கோட்டின் காற்றாலைகளைப் பார்க்கிறவர்களுக்கு, காலதர் என்ற பெயர் இந்தக் கணவாய்க்கே பொருந்தும் என்று நான் சொல்வது மிகையாகத் தெரியாது.

ஜூன் 6

"அப்படியானால் பாலக்காட்டை விண்ட் கேப் என்று எழுதலாமா?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். கூடாது. நிலவியலில் வாட்டர் கேப் என்றால் ஆறு மலையை அறுத்துக்கொண்டு இன்னும் ஓடும் இடம். அமெரிக்காவின் டெலவேர் ஆற்றில் புகழ்பெற்ற ஒன்று உண்டு. ஆறு பின்னர் திசை மாறிப் போய்விட, வறண்டு நிற்கும் பழைய அறுப்புக்கு விண்ட் கேப் என்று பெயர். அங்கே காற்று பலமாக வீசுகிறதா இல்லையா என்பது கேள்வியே அன்று.

நேற்று கேப், பாஸ் பற்றி எழுதியது எனக்கு நிறைவாக இல்லை. ஒரே இடம் யாருக்கு என்னவாக இருக்கிறது என்பதையும் சேர்க்க வேண்டும். உயரமான மலைச் சோலைக்காடுகளில் மட்டும் வாழும் நீலச் சிறு பறவை ஒன்று உண்டு. கணவாய்க்கு வடக்கே நீலகிரிப் பக்கம் இருப்பது ஓர் இனம். தெற்கே ஆனைமலை, பழனிமலைப் பக்கம் வெள்ளை வயிற்றோடு இருப்பது வேறோர் இனம். குளிர்ந்த சோலையை விட்டு வெப்பமான சமவெளியைக் கடக்க அதனால் முடியாததால் நெடுங்காலம் பிரிந்திருந்து வேறுபட்டுவிட்டன என்று அறிவியலாளர்கள் விளக்குகிறார்கள். அந்தப் பறவைக்கு இது கேப் மட்டுமே, வாழிடச் சங்கிலியில் கண்ணி அறுந்த இடம். காற்றுக்கு ஓபனிங். 1862 முதல் போத்தனூரிலிருந்து மேற்கே வண்டி ஓட்டிவரும் இரயில்வேக்கு வழி. எந்தச் சொல்லை எடுக்கிறோமோ அந்தப் பக்கத்தில் நின்று பேசுகிறோம். ஆங்கிலம் படிக்கிற பிள்ளைகளிடம் இதைச் சொல்லாமல் பட்டியலை மட்டும் கொடுத்து மனப்பாடம் செய்யச் சொல்வது எனக்கு வருத்தம் தருகிறது.

ஜூன் 8

கேவிட்டி, ஹாலோ, வாய்ட் மூன்றையும் இன்று பார்க்கலாம். மூன்றும் உள்ளே இருப்பவை.

முன்பல் ஒன்று விழுந்துவிட்டால் வரிசையில் தெரிவது கேப். கடைவாய்ப் பல்லைச் சொத்தை அரித்துக் குழியாக்கினால் அது கேவிட்டி. ஒரு திடப்பொருளுக்குள் சுவர்களோடு அமைந்த வெற்று அறை என்பது அதன் கருத்து.

நெல்லியாம்பதி, பறம்பிக்குளம் காடுகளில் பெரிய இருவாச்சி கூடு வைக்கும் முறையை அறிந்தவர்கள் இதை எளிதில் மறக்கமாட்டார்கள். முதிய மரத்தின் பொந்தைத் தேடிப் பெண் பறவை உள்ளே புகுந்துகொள்ளும். பிறகு வாயிலை அடைத்துக்கொண்டு, ஆண் பறவையின் அலகு நுழைந்து உணவு கொடுக்கும் அளவுக்கு மட்டும் ஒரு கீற்றை விட்டுவைக்கும். உள்ளே இருக்கும் அறை கேவிட்டி, அல்லது ஹாலோ. முதலில் இருந்த வாயில் ஓபனிங். எஞ்சிய கீற்று ஸ்லிட். ஸ்லிட் என்றால் நீண்டு ஒடுங்கியது; ஸ்லாட் என்றால் குறிப்பிட்ட ஒரு பொருள் சரியாகப் பொருந்தும்படி அமைத்தது, உண்டியலில் காசு போடும் இடத்தைப் போல.

வாய்ட் இவற்றிலிருந்து விலகி நிற்கிறது. கான்கிரீட் வார்க்கும்போது சரியாகக் குத்தி இறுக்காவிட்டால் உள்ளே காற்று தங்கி வாய்ட் உண்டாகும். வெளியே பூசி மினுக்கிவிட்டால் கண்ணுக்குத் தெரியாது, சுத்தியலால் தட்டினால் ஓசை காட்டிக்கொடுக்கும். அதற்கு வாயில் இல்லை, பயன் இல்லை, யாரும் விட்டுவைக்கவும் இல்லை. இதற்கு எதிராக, மண்ணைத் தாங்கும் சுவர்களில் பின்னாலிருக்கும் நீர் வடிவதற்காக வரிசையாக விடும் துளைகள் வீப் ஹோல். அவற்றை யாராவது பூசி அடைத்துவிட்டால் மழைக்காலத்தில் சுவருக்குப் பின்னால் நீரழுத்தம் ஏறி, சுவரே சாய்ந்துவிடக்கூடும்.

வேக்குவம் பற்றியும் கேட்டிருந்தீர்கள். காற்றை வெளியேற்றி உண்டாக்கி, அளந்து, வேலை வாங்கும் வெறுமை அது. பழைய வண்டிகளின் பிரேக்குகள் வேக்குவத்தால்தான் இயங்கின; எஞ்சினில் அதற்கென்று அளவுமானி இருந்தது. வாய்டை அப்படி யாரும் வேலைக்கு வைத்துக்கொள்வதில்லை.

ஜூன் 9

வேகன்சி. கேரளத்தில் வேலை அறிவிப்புகளில் ஒழிவு என்று அச்சிட்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். நாம் காலிப் பணியிடம் என்கிறோம். நாற்காலி இருக்கிறது, அமர்ந்திருந்தவர் இல்லை என்பதே அதன் உள்ளடக்கம். சட்டமன்ற உறுப்பினர் ஒருவர் பதவி விலகினால் ஏற்படுவது வேகன்சி. பொதுவாக ஆறு மாதத்துக்குள் இடைத்தேர்தல் நடத்தி நிரப்ப வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. படிகங்களைப் படிக்கும் இயற்பியலாளர்கள்கூட, அணு இருக்க வேண்டிய இருக்கையில் அணு இல்லாவிட்டால் வேகன்சி என்றே எழுதுகிறார்கள்.

வேலை விஷயத்தில் ஓபனிங் என்பதும் வரும். அது உள்ளே நுழையக் கிடைத்த வாய்ப்பு. புதிதாக உண்டாக்கிய வேலையாகவும் இருக்கலாம், முன்பு யாரும் அமர்ந்திருக்க வேண்டியதில்லை. அரசு ஆணைகளில் வேகன்சியும், தனியார் நிறுவன அறிவிப்புகளில் ஓபனிங்கும் மிகுதியாக வருவதற்கு இதுவே காரணம் என்று நினைக்கிறேன்.

இரங்கல் செய்திகளில் "ஈடுசெய்ய முடியாத வெற்றிடம்" என்று எழுதுவோமே, அது வாய்ட். அங்கே வேகன்சி என்று எழுதினால், அடுத்த ஆளைப் போட்டுவிடலாம் என்று சொன்னதாகிவிடும். தயவுசெய்து இந்த ஒன்றை மட்டுமாவது நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். துயரத்தில் இருக்கும் குடும்பத்தினர் படிக்கும் எழுத்து அது.

ஜூன் 9, இரவு

ஸ்பேஸ் விட்டுப்போயிற்று. பயன்படுத்தத் தக்க இடம் ஸ்பேஸ். என் பெரியப்பாவின் அச்சகத்தில் கம்பாசிட்டர் சொற்களுக்கு நடுவே வைக்கும் ஈயத் துண்டுக்கு ஸ்பேஸ் என்றுதான் பெயர்; எழுத்தைவிட உயரம் குறைவாக இருப்பதால் மை படாது. வெறுமையைக் கையில் எடுத்து எண்ணி அடுக்கினார்கள் என்பது சிறுவனாகப் பார்த்தபோது எனக்குப் பெரும் வியப்பாக இருந்தது. எழுதி நிரப்புவதற்கென்றே விட்ட இடம் பிளாங்க். வெண்மை என்னும் பொருள்கொண்ட பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்தது.

ஜூன் 11

வழக்கறிஞராகப் பயிலும் ஒருவர் பிரீச்சுக்கும் லூப்ஹோலுக்கும் வேறுபாடு கேட்டார். முற்றுகையில் பீரங்கி கோட்டைச் சுவரைத் தகர்த்து உண்டாக்கும் உடைப்பு பிரீச். உள்ளிருப்பவர் அம்பும் துப்பாக்கியும் நீட்டுவதற்காகச் சுவர் கட்டும்போதே விட்ட ஒடுங்கிய கீற்று லூப்ஹோல். சட்டத்துக்கு வந்தபோதும் அந்த வேறுபாடு அப்படியே வந்தது. ஒப்பந்தத்தை மீறினால் பிரீச். சட்டத்தின் வாசகத்திலேயே இருக்கும் சந்தின் வழியாக மீறாமல் நழுவினால் லூப்ஹோல்.

வாதங்களைப் பற்றிப் பேசும்போது கேப், ஹோல் இரண்டும் வரும், பொருள் மாறும். இரண்டு படிகளுக்கு நடுவில் ஒரு படியைச் சொல்லாமல் விட்டிருந்தால் வாதத்தில் கேப். அந்தப் படியைச் சேர்த்தால் வாதம் நிற்கும். வாதத்தின் உடம்பிலேயே உண்மை ஒழுகிப்போகும் ஓட்டை இருந்தால் ஹோல். சேர்த்துச் சரிசெய்ய எதுவும் இல்லாமற்போகலாம்.

ஜூன் 12

என் முதல் குறிப்பின் விதிக்கு ஒரு விலக்கைச் சொல்ல வேண்டும். 1985-இல் பிரிட்டனின் அண்டார்க்டிகா ஆய்வாளர்கள் அறிவித்த ஓசோன் குறைவுக்கு ஓசோன் ஹோல் என்ற பெயர் பரவிவிட்டது. அங்கே ஓசோன் அடுக்கு முழுவதும் இல்லாமற்போய்விடவில்லை. ஓசோனை அளக்கும் டாப்சன் அலகில் 220-க்குக் கீழே குறைந்துபோன பரப்பையே அப்படிக் குறிக்கிறார்கள். மெலிவு என்று சொல்லியிருந்தால் அளவுக்குப் பொருந்தியிருக்கும். ஆனால் கூரையில் ஓட்டை விழுந்துவிட்டது என்ற அச்சம்தான் நாடுகளை 1987-இல் மாண்ட்ரியலில் கூட்டி உடன்பாடு காண உதவியது என்றும் கருதுகிறேன். பழகிப்போன பெயரைத் தேர்வில் அப்படியே எழுதுங்கள்.

ஜூன் 14

வேலந்தாவளத்துத் தம்பி ஐந்து வாக்கியங்களை அனுப்பிச் சொல்லைத் தேர்ந்து தரும்படி கேட்டிருக்கிறார்.

இரண்டு கட்டடங்களுக்கு நடுவே பூனை புகுந்தது: கேப். சட்டைப் பையிலிருந்து காசு விழுந்த இடம்: ஹோல். அலமாரியில் இந்தப் பெட்டிக்கு இடமில்லை: ஸ்பேஸ், முன்னால் a என்ற ஒருமைச் சுட்டு வேண்டாம். தலைமை எழுத்தர் ஓய்வு பெற்றதால் ஏற்பட்டது: வேகன்சி.

ஐந்தாவதில்தான் யோசித்தேன். வேலியில் மாடு புகுந்த இடம் என்கிறது வாக்கியம். கடவாக இருந்தால் ஓபனிங் என்று முன்பே எழுதியிருக்கிறேன். வாக்கியத்தின் பிற்பாதியோ, அதை அடைக்க முள் வெட்டி வந்தார்கள் என்கிறது. கடவை யாரும் முள்ளால் நிரந்தரமாக அடைக்கமாட்டார்கள், படல் வைப்பார்கள். பிரீச் என்று எழுதும் அளவுக்கு மாடு வேலியைத் தகர்க்கவும் இல்லை. வேலி தொடர்ந்திருக்க வேண்டிய இடத்தில் விட்டுப்போயிருக்கிறது. கேப் என்று எழுதுங்கள்.